புதுப்பிப்பு: காணாமல் போன மணிகள் கிடைத்துவிட்டன

போன வாரம் இங்கே புலம்பினேனே, லாம்ப்ஸில் (துகள்களின் அசைவைக் கணக்கிடும் மென்பொருள்) 20,000 உருண்டை மணிகளைப் புனலில் கொட்டி, முடிவைப் பாராவியூவில் (அதைப் படமாகக் காட்டும் மென்பொருள்) திறந்தால் பாதிக்கு மேல் காணோம், மிச்சம் அந்தரத்தில் மிதக்கிறது என்று. தீர்ந்தது.

கணக்கில் தப்பில்லை. புள்ளிக்குப் புள்ளி ஒரு உருவத்தை வைத்துக் காட்டும் பாராவியூவின் கிளிஃப் ஃபில்டர், தானாக விட்டால் 5,000 புள்ளி வரைதான் பொறுக்கிக் காட்டும். 'ஆல் பாயிண்ட்ஸ்' என்று மாற்றியதும் புனல் நிறைந்தது. (சொன்ன அண்ணனுக்கு ஒரு ஃபில்டர் காபி கடன்.)

மிதந்த காரணம் வேறு. அந்த ஃபில்டர் வைக்கும் கோளத்தின் ஆரம் (ரேடியஸ்) 0.5. ஆகவே மணியின் ரேடியஸை வைத்து ஸ்கேல் செய்தால் மணி பாதி அளவில்தான் வரும், ஒன்றையொன்று தொடாமல் மிதக்கும்; ஸ்கேல் ஃபேக்டர் 2 போடணும். இந்த ஒரு எண்ணுக்கு இரண்டு ராத்திரி போச்சு!

மணிகள் போன வழியைக் காட்டும் பாதைக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் பாய்ந்தது, லாம்ப்ஸ் எழுதும் டம்ப் கோப்பில் துகள் வரிசை மாறிக்கொண்டே இருப்பதால். அந்தக் கோடுகளை வரையும் பாத்லைன்ஸ் ஃபில்டருக்குத் துகள்களின் ஐடியைக் கொடுத்ததும் அடங்கியது.

இப்போது நடுவில் மணி சரசரவென இறங்குகிறது, சுவரோரம் அசையவே இல்லை. நம்பாமல், மல்லேஸ்வரத்தில் வாங்கின ராகியை எண்ணெய்ப் புனலில் கொட்டிப் பார்த்தேன். அங்கேயும் நடுவில்தான் குழி விழுந்தது. "டேய், அது களிக்கு வெச்சது" என்கிறான் அறைத்தோழன்.