குறுக்கு பிடித்தபின் டெட்லிஃப்ட்: மூன்று வாரமா, மூன்று மாதமா?

குறுக்குவலிக்காரன்
போன சனிக்கிழமை டெட்லிஃப்ட், அதாவது எடைத் தட்டு மாட்டிய இரும்புக் கம்பியை (பார்) தரையிலிருந்து தூக்கி நிமிர்வது. 110 கிலோவில் ஐந்து ரெப். நாலாவதில் பாரை இறக்கும்போதே குறுக்கில் சுருக்கென்றது. புத்திகெட்டுப்போய் ஐந்தாவதையும் தூக்கினேன். அன்று ராத்திரி சுவரைப் பிடித்துக்கொண்டுதான் பாத்ரூமுக்குப் போனேன். மூன்றாம் நாள் டாக்டரிடம் காட்டியதில், தசைப்பிடிப்புதான், எம்ஆர்ஐ எல்லாம் வேண்டாம் என்று ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார். இன்று எட்டாம் நாள். நன்றாக நடக்கிறேன், காலுக்கு வலி இறங்கவில்லை, சாக்ஸ் போடக் குனிந்தால் மட்டும் பிடிக்கிறது. ஜிம் மாஸ்டர் மூன்று மாதத்துக்கு பார் பக்கமே வராதே என்கிறார். கூடத் தூக்கும் நண்பன் அடுத்த வாரமே வாடா என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

பழைய_பஸ்கி
மாஸ்டர் பேச்சைக் கேளுங்கள் தம்பி. இருபத்தெட்டு வருஷமாக இரும்பு தூக்குகிறேன். 35 வயதில் எனக்கும் இதே கதைதான். பத்தே நாளில் வீராப்பாகப் போய் 90 கிலோவில் மறுபடி பிடித்துக்கொண்டது. அப்புறம் அந்த வருஷம் முழுக்க செருப்பு மாட்டக்கூட உட்கார வேண்டியிருந்தது. பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானுவைப் பாருங்கள். 2017இல் உலக சாம்பியன். மறு வருஷம் இடுப்பு வலியால் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக்கே போகவில்லை. அவரே பொறுத்திருந்தார். நமக்கென்ன பதக்கமா காத்திருக்கிறது?

இரும்புப்பூனை
அண்ணே, கதையைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். 2019 பிப்ரவரியில் தாய்லாந்தில் மொத்தம் 192 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். டோக்கியோ ஒலிம்பிக்கில் 202, வெள்ளி. மாதக்கணக்கில் பாயில் படுத்துக் கிடந்தவர் எழுந்து வந்து 192 தூக்க முடியுமா? போட்டியிலிருந்து விலகுவது வேறு, அசையாமல் கிடப்பது வேறு.

ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேரை வைத்துச் செய்த ஆய்வு 1995இல் வந்தது. எல்லாருக்கும் புதிதாக வந்த இடுப்பு வலி. ஒரு குழுவுக்கு இரண்டு நாள் படுக்கை. இன்னொரு குழு முடிந்தவரை வழக்கமான வேலையைப் பார்த்தது. சீக்கிரம் தேறியது வேலை பார்த்தவர்கள்தான். முப்பது வருஷப் பழைய செய்தி இது. இன்னும் நம் ஜிம்களுக்கு வந்து சேரவில்லை.

பழைய_பஸ்கி
அந்த ஆய்வை நானும் படித்திருக்கிறேன், தங்கச்சி. அதில் மூன்றாவதாக ஒரு குழு உண்டே, அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? அவர்களுக்கு முதுகுப் பயிற்சி கொடுத்தார்கள். சும்மா வழக்கமான வேலையைப் பார்த்தவர்கள் அவர்களைவிடவும் நன்றாகத் தேறினார்கள். வலி புதிதாக இருக்கும்போது பயிற்சி என்று போட்டு வளைக்காதே என்றுதானே அர்த்தம்? நானும் படுக்கச் சொல்லவில்லை. நட, வேலைக்குப் போ, பாரை மட்டும் தொடாதே என்கிறேன்.

இரும்புப்பூனை
சரி, அது நியாயம். விழுங்கியது தப்புதான். ஆனால் அது முதல் சில நாள் சமாசாரம். அதை வைத்து மூன்று மாதக் கணக்கு எப்படி வந்தது?

வெறும்_வேடிக்கை
குறுக்கே வந்ததற்கு மன்னிக்கவும். போட்டிக்குப் போகாதவருக்கு டெட்லிஃப்ட் எதற்கு? பேசாமல் கரலாக்கட்டை சுற்றுங்கள், தண்டால் எடுங்கள். நம் தாத்தாக்கள் டெட்லிஃப்டா போட்டார்கள்?

குறுக்குவலிக்காரன்
@வெறும்_வேடிக்கை தாத்தா நெல்மூட்டை தூக்கினார். அதற்குப் பேர்தான் வேறு. நான் மாடியில் குடியிருக்கிறேன். 20 லிட்டர் தண்ணீர் கேன் வாரத்துக்கு இரண்டு. ஐந்தாம் நாளே ஒன்று வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டது. மாஸ்டர் பாரைத் தொடாதே என்றார், கேனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மனைவிதான் உருட்டிக்கொண்டு போனாள்.

தசையும்_எலும்பும்
பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். கேன் விஷயத்தில்தான் எல்லாம் இருக்கிறது. வெறும் பார் 20 கிலோ, நிறைந்த கேனும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வீட்டு கேஸ் சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்ந்தால் 30 கிலோவை ஒட்டி வரும். மூன்று மாதம் பாரைத் தொடாதவரும் இவற்றைத் தூக்காமல் இருக்கப்போவதில்லை. பழக்கம் விட்டுப்போன முதுகோடு தூக்குவார், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் ஒன்று. பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போவது, காலில் பலம் குறைவது, இதில் எது வந்தாலும் அன்றே அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும். காய்ச்சலோடு முதுகு வலித்தாலும் காத்திருக்கக் கூடாது. உங்களுக்கு இவை இல்லை என்று வைத்துக்கொண்டுதான் மேலே பேசுகிறேன்.

டாக்டர் எம்ஆர்ஐ எடுக்காதது சரி. வலியே இல்லாத இருபது வயதுக்காரர்களை ஸ்கேன் செய்தால்கூட சுமார் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை) பிதுக்கம் தெரிகிறது. அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, குனியவே பயந்துபோய் என்னிடம் வருகிறவர்களைத் தேற்றுவதுதான் பெரிய வேலை.

இப்படிப்பட்ட வலி பெரும்பாலும் நாலு முதல் ஆறு வாரத்துக்குள் தணிந்துவிடும். அதுவரை சும்மா இருப்பதா என்றால், வேண்டாம். ஒட்டடைக்கம்பு ஒன்றை முதுகோடு நீளவாக்கில் பிடியுங்கள். பின்மண்டை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றிலும் கம்பு பட வேண்டும். அது விலகாமல், இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனியப் பழகுங்கள். அது சுகமாக வந்தால் வெறும் பார். பத்துக்கு மூன்றுக்குள் வலி இருந்து, மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அடுத்த முறை கொஞ்சம் ஏற்றலாம். காலையில் கூடியிருந்தால் குறையுங்கள். எழுந்தவுடன் முதல் ஒரு மணி நேரம் குனிந்து தூக்கும் வேலை வேண்டாம். ராத்திரியில் டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும்.

பழைய_பஸ்கி
பிசியோ மேடம், எல்லாம் சரி. வெறும் பாரில் தொடங்கு என்கிறீர்களே, எங்கள் ஊர் ஜிம்முக்கு வந்திருக்கிறீர்களா? போட்டித் தட்டு 45 செ.மீ. விட்டம். அதை மாட்டினால் பார் தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் நிற்கும். இங்கே 5 கிலோ இரும்புத் தட்டு கைமுறுக்கு சைஸில் இருக்கிறது. மாட்டினால் பார் கணுக்காலில் கிடக்கும். எடையைக் குறைத்தால் குனிவது கூடுகிறது. வலிக்காரனுக்கு எது கெடுதல்? நான் 90இல் மாட்டிக்கொண்டதாகச் சொன்னேனே, அதற்கு முந்தின நாள் 40 கிலோவைச் சின்னத் தட்டில் தூக்கிக் குறுக்கைக் கிளறிவிட்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை.

தசையும்_எலும்பும்
இதை நான் எழுதாமல் விட்டது தப்பு. முழங்காலுக்குச் சற்றுக் கீழே பார் நிற்கும்படி இரண்டு பக்கமும் பலகையோ தட்டோ அடுக்கி, அதன்மேல் பாரை வையுங்கள். வாரம் ஒரு தட்டாகக் கழித்துக்கொண்டே தரைக்கு வரலாம்.

இரும்புப்பூனை
அண்ணே, அப்படியானால் உங்களை வீழ்த்தியது பத்து நாள் இல்லை. ஒரே நாளில் 40இலிருந்து 90க்குத் தாவியதுதான். மூன்று மாதம் கழித்து அதே தாவலைத் தாவியிருந்தாலும் பிடித்திருக்கும்.

பழைய_பஸ்கி
இருக்கலாம். ஆனால் இளவட்டம் தாவாமல் இருப்பான் என்று நீங்கள் நம்புகிறீர்கள், நான் நம்பவில்லை. மாஸ்டர் மூன்று மாதம் என்று சொல்வதே அதற்காகத்தான். ஆறு வாரம் என்றால் மூன்றில் வருவான், மூன்று மாதம் என்றால் ஆறு வாரத்தில் வருவான். அப்புறம், பெல்ட் கட்டச் சொல்லுங்கள்.

தசையும்_எலும்பும்
மெடிக்கல் ஷாப்பில் விற்கும் இடுப்புப் பட்டை வேண்டாம். ஜிம் பெல்ட் வேறு. வயிற்றை அதன்மேல் தள்ளி அழுத்தம் கொடுக்கத்தான் அது. கனமான எடைக்கு வரும்போது கட்டிக்கொள்ளட்டும். 20 கிலோவுக்கு எதற்கு?

குறுக்குவலிக்காரன்
இருபத்துநாலாம் நாள். பலகை அடுக்கி 40 கிலோ, எட்டு ரெப், மூன்று செட். தூக்கும்போது வலி இரண்டு என்று சொல்லலாம். காலையில் கூடவில்லை. பக்கத்து பெஞ்சில் இருந்த பையன், என்னண்ணே, வார்ம்-அப்பா என்று கேட்டான். 60 போட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் கை அரித்தது. போடவில்லை.

பழைய_பஸ்கி
கை அரித்தது பார்த்தீர்களா? அதைத்தான் சொன்னேன்.

இரும்புப்பூனை
போடவில்லையே, அதையும் பாருங்கள் அண்ணே. சாக்ஸ் என்னாச்சு?

குறுக்குவலிக்காரன்
நின்றுகொண்டே போட்டேன். வலது கால் மட்டும். இடதுக்கு இன்னும் நாற்காலிதான்.