எட்டுக் கொலைகளும் இரண்டு அறிக்கைகளும்: ரொறன்ரோ பொலிஸில் பொறுப்பேற்க வேண்டியவர் யார்?

செங்காந்தள் எழுதியது:

ரொறன்ரோவில் 2010 தொடக்கம் 2017 வரை எட்டு ஆண்களைக் கொன்ற புரூஸ் மக்ஆர்தர், 2019 ஜனவரியில் எட்டு முதல்தரக் கொலைக் குற்றச்சாட்டுகளையும் ஒப்புக்கொண்டு, அடுத்த மாதமே ஆயுள் தண்டனை பெற்றார். கொல்லப்பட்டவர்களில் இருவர் ஈழத்தமிழர். எட்டில் ஆறு பேர் தெற்காசியாவிலிருந்தோ மேற்காசியாவிலிருந்தோ வந்து குடியேறியவர்கள். குற்றவாளி சிறையில் இருக்கிறார், அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. பொலிஸாரின் கணக்கு மட்டும் இன்னும் திறந்தே கிடக்கிறது என்பதால்தான் இந்தத் திரியைத் தொடங்குகிறேன்.

முன்னாள் நீதியரசர் குளோரியா எப்ஸ்டைன் 2021 ஏப்ரலில் வெளியிட்ட மீளாய்வு அறிக்கை, 151 பரிந்துரைகளுடன், காணாமல்போனோர் தொடர்பான விசாரணைகளில் கடுமையான குறைபாடுகள் இருந்தன என்றும் அமைப்பு சார்ந்த பாகுபாடு அவற்றுக்குள் வேலை செய்தது என்றும் கூறுகிறது. மூன்று பேர் காணாமல்போனது குறித்து 2012 நவம்பரில் தொடங்கப்பட்ட 'புறொஜெக்ட் ஹூஸ்டன்' விசாரணை, 2013 நவம்பரில் மக்ஆர்தரை ஒரு சாட்சியாக அழைத்துப் பேசியது. அந்த மூவருடனும் அவரைத் தொடர்புபடுத்தும் தகவல்கள் அப்போதே பொலிஸாரின் கையில் இருந்தன. அவற்றின் பொருளை எவரும் உணரவில்லை. அதன் பின்னர் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். அந்த ஐந்து உயிர்களுக்கும் 'அமைப்பு' பதில் சொல்லும் என்றால், அமைப்பு என்பவர் எந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறார் என்று நான் கேட்கிறேன். இறந்தவர்களின் பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. அவர்களுடைய வீட்டார் இந்தத் தளத்தையும் வாசிக்கக்கூடும்; கருத்தெழுதுபவர்களும் அதை மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

வடலியான் எழுதியது:

தங்கச்சி, உங்கள் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் முடிவு தெரிந்த பிறகு பின்னோக்கிப் பார்க்கும் கண்ணுக்கு எல்லாப் பாதைகளும் நேராகத்தான் தெரியும். 2013-இல் பொலிஸாரிடம் ஓர் உடலும் இல்லை, ஒரு கொலைக்களமும் இல்லை. காணாமல்போன மூன்று பேர், அவர்களை அறிந்த பலர், அந்தப் பலருள் ஒருவராகத் தோட்டப் பராமரிப்பாளரான மக்ஆர்தர். இவ்வளவுதான் அன்றைக்கு மேசையில் இருந்தது. ஒரு பெருநகரத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கானோர் காணாமல்போனதாக முறையிடப்படுகிறது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் திரும்பி வந்துவிடுகிறார்கள் என்ற அனுபவத்தைக் கொண்டுதான் ஓர் அதிகாரி தன் நேரத்தைப் பங்கிட வேண்டியிருக்கிறது.

2016 ஜூனில் நடந்ததையும் எடுத்துக்கொள்வோம். மக்ஆர்தர் தன்னைக் கழுத்தை நெரித்துக் கொல்ல முயன்றதாக ஒருவர் அவசர எண்ணுக்கு அழைத்துச் சொன்னார். மக்ஆர்தர் தானாகவே பொலிஸ் நிலையத்துக்குப் போய்த் தன் தரப்பைச் சொன்னார், குற்றஞ்சாட்டப்படாமல் விடுவிக்கப்பட்டார். 2001-இல் இரும்புக் குழாயால் ஒருவரைத் தாக்கி அதற்காக 2003-இல் தண்டனை பெற்றிருந்தவர்தான் அவர். ஆனால் 2014-இல் அவருடைய குற்றப்பதிவு சட்டப்படி நீக்கிவைக்கப்பட்டிருந்ததால், 2016-இல் விசாரித்தவரின் திரையில் அது வந்திருக்காது. அந்த அதிகாரிமீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது. விசாரணையின் முடிவில், 2021-இல், அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. பொறுப்புக்கூறல் என்பது நாம் விரும்பிய முடிவு கிடைக்கும்போது மட்டும் நடப்பதா? நடந்தது, பதிலும் கிடைத்தது. அந்தப் பதில் உங்களுக்குப் பிடிக்கவில்லை.

கடலோரன் எழுதியது:

வடலியான் அண்ணா, பழைய தண்டனை திரையில் வராமல் போயிருக்கலாம். 2013-இல் ரொறன்ரோ பொலிஸே அவரை அழைத்துப் பேசிய பதிவு எங்கே போயிற்று? அதை யாரும் மன்னித்து நீக்கவில்லை. மூன்று பேர் காணாமல்போன விசாரணையில் பேசப்பட்ட ஒருவர்மீது கழுத்தை நெரித்ததாக முறைப்பாடு வருகிறது. அந்த இரண்டையும் ஒருவர் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்திருந்தால் போதும். 2016 ஜூனுக்குப் பிறகு மேலும் இரண்டு பேர் கொல்லப்பட்டார்கள் என்பதை நீங்கள் எழுதாமல் விட்டீர்கள்.

நீதிக்கூண்டு எழுதியது:

சட்டம் படித்தவள் என்ற முறையில், இருவரும் தொடாத இரண்டு பழைய விடயங்களை இங்கே வைக்க விரும்புகிறேன், ஏனெனில் 'அமைப்பின் தவறா, ஆளின் தவறா' என்ற கேள்வி இந்த ஒன்ராறியோ மாகாணத்தில் 2021-இல் பிறந்ததன்று.

முதலாவது, போல் பெர்னார்டோ வழக்கு. ஸ்காபரோவில் நடந்த தொடர் பாலியல் வன்முறைகள் குறித்து 1990 நவம்பரில் அவரிடமிருந்து மரபணு மாதிரி பெறப்பட்டது. அது பரிசோதிக்கப்பட்டு முடிவு வந்தது 1993 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் அவர் இரண்டு சிறுமிகளைக் கடத்திக் கொன்றார். அதை ஆராய்ந்த நீதியரசர் ஆர்ச்சி காம்பெல், 1996-இல் வெளியிட்ட அறிக்கையில், வெவ்வேறு பொலிஸ் படைகளும் ஆய்வகமும் தத்தம் தகவல்களை ஒன்றிணைக்க இயலாமற்போன அமைப்புக் குறைபாட்டையே முதன்மைக் காரணமாகக் காட்டினார். அவருடைய பரிந்துரையின் பயனாகத்தான் பெருவழக்கு மேலாண்மை முறையும் அதற்கான 'பவர்கேஸ்' என்ற கணினி மென்பொருளும் ஒன்ராறியோவில் நடைமுறைக்கு வந்தன. ஒரு வழக்கில் வந்த பெயர் மற்றொரு வழக்கில் தலைகாட்டினால் உடனே இணைத்துக் காட்டுவதற்காகவே செய்யப்பட்ட ஏற்பாடு அது.

இப்போது எப்ஸ்டைன் அறிக்கைக்கு வாருங்கள். அந்த மேலாண்மை முறை ரொறன்ரோவில் உரியபடி பின்பற்றப்படவில்லை என்பதும் பவர்கேஸ் முறையாகப் பயன்படுத்தப்படவில்லை என்பதும் அவர் கண்ட குறைபாடுகளுள் முக்கியமானவை. காம்பெல் காலத்தில் 'அமைப்பு இல்லை' என்பது நேர்மையான விடை. அமைப்பைக் கட்டிக் கொடுத்து, அதைப் பயன்படுத்த வேண்டும் என்று விதியும் எழுதிக் கையில் தந்த பிறகு, அதைப் பயன்படுத்தாமல் விட்டதற்கும் 'அமைப்பின் குறைபாடு' என்றே பெயரிட்டால், மூன்றாவது அறிக்கையும் அதே சொல்லோடுதான் வரும். பதிவேற்றாமல் விட்டவர், பதிவேறியதா என்று பார்க்காமல் கையொப்பமிட்ட மேலதிகாரி, பயிற்சிக்கும் ஆளணிக்கும் நிதி ஒதுக்காத தலைமை என்று மேலே மேலே போகும் ஒரு பொறுப்புச் சங்கிலி அங்கே இருக்கிறது. அதில் கீழ்ப்படியில் இருந்த ஒருவரை மட்டும் ஒழுங்கு விசாரணைக்குக் கொண்டுபோய், அவர் விடுவிக்கப்பட்டதும் கோப்பை மூடியதை நான் பொறுப்புக்கூறலாக ஏற்கமாட்டேன். அந்த அளவில் வடலியான் அவர்கள் அந்த அதிகாரிக்காகப் பேசியது நியாயம் என்றே கருதுகிறேன்.

இரண்டாவது, ஜேன் டோ என்ற புனைபெயரில் ஒரு பெண் ரொறன்ரோ பொலிஸுக்கு எதிராகத் தொடுத்த வழக்கு. 1986-இல் பல்கனி வழியாக ஏறி வந்து பெண்களைத் தாக்கிய ஒருவன் இருக்கிறான் என்பது பொலிஸாருக்குத் தெரிந்திருந்தும், எச்சரித்தால் பெண்கள் பதறுவார்கள், அவனும் தப்பிவிடுவான் என்று எண்ணி அந்த வட்டாரத்துப் பெண்களை எச்சரிக்காமல் விட்டார்கள். 1998-இல் ஒன்ராறியோ நீதிமன்றம் அது கவனக்குறைவு என்றும், கனடிய உரிமைகள் சாசனத்தை மீறிய செயல் என்றும் தீர்ப்பளித்து, ஏறத்தாழ 2,20,000 டொலர் இழப்பீடு வழங்கியது. அந்த வட்டாரம் சேர்ச்–வெல்லெஸ்லி. மக்ஆர்தரால் கொல்லப்பட்டவர்களில் பலர் பழகிய, தன்பாலீர்ப்பாளர்களின் வட்டாரமும் அதுவே.

இங்கிலாந்தில் நிலைமை வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். யோர்க்ஷயர் தொடர் கொலைகளில் இறுதியாகக் கொல்லப்பட்ட மாணவியின் தாய் தொடுத்த வழக்கில், கொலையாளியை முன்னரே பிடிக்கத் தவறியதற்காகப் பொலிஸார் இழப்பீடு தரத் தேவையில்லை என்று 1988-இல், அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக அப்போது இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அப்படிப்பட்ட பொறுப்பைச் சுமத்தினால் பொலிஸார் வழக்குக்கு அஞ்சியே வேலை செய்வார்கள் என்பது அங்கே கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று.

வடலியான் எழுதியது:

நீதிக்கூண்டு, பவர்கேஸ் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க என்னிடம் வாதம் இல்லை. ஆனால் பிரபுக்கள் சபை சொன்ன காரணத்தை நீங்கள் ஒரு வரியில் கடந்து போகிறீர்கள், நான் அதில் நிற்கிறேன். எந்த எச்சரிக்கையை எப்போது வெளியிடுவது என்பதை நாளைய வழக்கறிஞருக்கு அஞ்சி ஒரு புலனாய்வாளர் முடிவு செய்தால், கொலையாளிதான் அதனால் பயன் பெறுவான். 2018 ஜனவரி 18-ஆம் தேதி பொலிஸார் மக்ஆர்தரின் வீட்டுக்குள் நுழைந்தபோது, அங்கே ஓர் இளைஞர் கட்டிலில் கட்டப்பட்டிருந்தார். அவர் உயிரோடு மீட்கப்பட்டார். கண்காணிப்பு இரகசியமாக நடந்ததால்தான் அது முடிந்தது. முந்திய மாதமே சந்தேகத்தை ஊரறியச் சொல்லியிருந்தால் அவர் சான்றுகளை அழித்துவிட்டு எங்கேயாவது போயிருப்பார்.

செங்காந்தள் எழுதியது:

அண்ணா, இந்த இடத்தில்தான் நாம் உண்மையில் பிரிகிறோம். சந்தேக நபரின் பெயரைப் பொலிஸார் வெளியிட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. புலனாய்வுக்காக மௌனமாக இருப்பதை எவரும் குறைசொல்ல மாட்டார்கள். 2017 டிசெம்பர் தொடக்கத்தில் அன்றைய பொலிஸ் தலைவர் மார்க் சோண்டர்ஸ் ஊடகங்களுக்கு முன்னால் வந்து, தொடர் கொலையாளி ஒருவர் இருப்பதாகச் சான்றுகள் காட்டவில்லை என்ற பொருள்படப் பேசினார். அதே நேரத்தில் அவருடைய படையின் 'புறொஜெக்ட் பிறிசம்' குழு மக்ஆர்தரைச் சந்தேக நபராகக் கொண்டு வேலை செய்துகொண்டிருந்தது. ஆறு வாரத்தில் கைது நடந்தது. சொல்லாமல் இருப்பதற்கும், பயந்துபோயிருந்த மக்களிடம் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்வதற்கும் நடுவில் இருப்பது ஒரு பெரிய பள்ளம். 'விசாரணை நடக்கிறது, இவ்வட்டாரத்து ஆண்கள் அறிமுகமற்றவர்களைத் தனியே சந்திப்பதில் கவனமாக இருங்கள்' என்று சொல்வதால் எந்தக் கண்காணிப்பு கெட்டிருக்கும்? ஜேன் டோ வழக்கின் பாடம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கட்டடத்துக்குள் போய்ச் சேர்ந்திருந்தது.

கடலோரன் எழுதியது:

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு இதைவிடக் கசப்பானது. கைதுக்குப் பின்னர், தகவல் அறிந்தவர்கள் முன்னரே வந்து சொல்லவில்லை என்ற தொனியில் அதே தலைவர் பேட்டி கொடுத்தார். 2010-இல் ஈழத்தமிழ் அகதிகளைக் கனடாவுக்கு ஏற்றிவந்த 'சன் சீ' கப்பலில் வந்தவர்களுள் ஒருவரும் மக்ஆர்தரின் கையால் உயிரிழந்தார். அவருடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. அவர் காணாமல்போனதாக எவரும் பொலிஸில் முறையிடவில்லை, அவரை அடையாளம் காண 2018 மார்ச்சில் இறந்தவரின் படத்தையே பொலிஸார் வெளியிட நேர்ந்தது. நாடுகடத்தப்படுவோமோ என்ற பயத்தோடு வாழும் ஒருவரைத் தேடி, அதே பயத்தோடு வாழும் நண்பர் எந்தத் துணிவில் பொலிஸ் நிலையத்துக்குப் போவார்?

வடலியான் எழுதியது:

அந்தப் பேட்டியை நான் ஆதரிக்கவில்லை, ஆதரிக்கவும் மாட்டேன். ஆனாலும் கடலோரன், முறையிட ஒருவரும் வராத இடத்தில் நம்முடைய சமூகத்துக்குப் பங்கு இல்லையா? தன்பாலீர்ப்பாளர் என்று தெரிந்தால் வீட்டையும் ஊரையும் விட்டு ஒதுக்கும் வழக்கத்தை நாங்கள்தான் கப்பலிலும் விமானத்திலும் கூடவே கொண்டுவந்தோம். தான் எங்கே போகிறேன், யாரைச் சந்திக்கிறேன் என்பதை ஒருவர் தன் சொந்தச் சகோதரனிடமும் மறைக்க வேண்டியிருந்தால், அவரைக் காணவில்லை என்ற செய்தியும் தாமதமாகத்தான் வரும்.

செங்காந்தள் எழுதியது:

அந்தப் பங்கு நமக்கு உண்டு, அதைப் பற்றித் தனித் திரி தொடங்கினால் முதல் ஆளாக நான் எழுதுவேன். ஆனால் அது பொலிஸாரின் பங்கைக் குறைக்காது. 2010 செப்ரெம்பரில் காணாமல்போன முதலாமவர் குறித்து உடனேயே முறைப்பாடு இருந்தது. அவருடைய நண்பர்கள் அந்த வட்டாரமெங்கும் அறிவித்தல் ஒட்டித் தேடினார்கள். நம்மவர் முறையிட்டபோது கிடைத்த வேகத்தையும், 2017 ஜூனில் வெள்ளையினத்தவரான ஒருவர் காணாமல்போனபோது ஓரிரு மாதத்துக்குள் பிறிசம் என்ற தனிக்குழு அமைக்கப்பட்ட வேகத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பின்னதில் செய்யப்பட்ட வேலை நல்ல வேலை. அவருடைய நாட்காட்டியில் இருந்த 'புரூஸ்' என்ற ஒற்றைப் பெயரிலிருந்து தொடங்கி, வாகனத்தின் ஒளிப்பதிவைப் பிடித்து, ஏழு மாதத்துக்குள் கொலையாளியை அடைந்தார்கள். அப்படி வேலை செய்யத் தெரிந்த ஒரு படைதான் முன்னைய மூவரின் கோப்பையும் 2014 ஏப்ரலில் ஹூஸ்டனோடு மூடியது என்பதுதான் என்னை உறங்கவிடாதது.

நீதிக்கூண்டு எழுதியது:

ரொறன்ரோ பொலிஸை மேற்பார்வை செய்யும் பொலிஸ் சேவை சபையின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை; முன்பதிவு செய்து எவரும் அங்கே பேசலாம். 151 பரிந்துரைகளுள் எத்தனை நிறைவேறின என்ற எண்ணிக்கையை மட்டும் அங்கே கேட்பதில் பயன் குறைவு. காணாமல்போனோர் கோப்பு ஒன்று பவர்கேஸில் ஏறியதா என்று பார்த்துக் கையொப்பமிட வேண்டிய பதவி எது, அவர் பார்க்காமல் விட்டால் என்ன நடக்கும் என்ற இரண்டையும் எழுத்தில் கேட்க வேண்டும். வடலியான் அவர்களே, வழக்குக்கு அஞ்சும் புலனாய்வாளர் பற்றிய உங்கள் கவலைக்கு இதில் இடமில்லை. இது இழப்பீட்டு வழக்கன்று, ஒரு கையொப்பம்.

வடலியான் எழுதியது:

கையொப்பம் என்றால் எனக்கு உடன்பாடு. 1988-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் காரணத்தில் நான் இன்னும் அசையவில்லை; எச்சரிக்கை விடுவதா வேண்டாமா என்ற முடிவை நீதிமன்றத்தில் வைத்து அளப்பதை எதிர்த்து, சற்று நேரம் கிடைக்கும்போது விரிவாக எழுதுகிறேன். கேள்விகளை நீங்கள் எழுதி இங்கே போடுங்கள். சபைக்கு அனுப்பும் கடிதத்தில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம்.