மனைவியோடு, கணவரோடு போகும் வேலை விசா: வன்னியில் ஆவணம் சேர்த்தவர்களின் அனுபவங்கள்

கிளிநொச்சி, குடிசார் பொறியியலாளர்

2025 கடைசியில் நானும் மனைவியும் இங்கிலாந்து வந்து சேர்ந்தோம். எனக்கு ஸ்கில்ட் வேர்க்கர் விசா, அதாவது திறன்சார் வேலைக்கானது. மனைவிக்கு டிபென்டன்ட் விசா, அதாவது வேலைக்குப் போகிறவரின் துணைக்கானது. ஊரில் பலர் இதே அலுவலுக்கு ஓடித் திரிகிறார்கள் என்று கேள்விப்பட்டேன், அதனால் எழுதுகிறேன். உங்கள் ஆவணங்களைத் தொடுவதற்கு முன் துணையின் ஆவணங்களைத் தொடங்குங்கள். நான் மாறிச் செய்தேன். அதனால் கடைசி ஆறு கிழமை எங்கள் இருவருக்கும் நித்திரையே இல்லை.

என்னுடைய பக்கம் லேசாக முடிந்தது. அறிவியல்நகர் பொறியியல் பீடத்தில் படித்தேன், படிப்பு முழுதும் ஆங்கிலத்தில். ஆனாலும் அதை நாங்கள் சொன்னால் போதாது. பல்கலைக்கழகத்திடம் கற்பித்தல் மொழி ஆங்கிலம் என்று கடிதம் வாங்கி, எக்டிஸ் என்ற பிரித்தானிய நிறுவனத்திடம் பட்டத்தை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். நான் விண்ணப்பித்தபோது ஆங்கில அறிவு பி1 என்ற நடுத்தர மட்டத்தில் இருந்தால் போதுமாக இருந்தது. 2026 ஜனவரி 8இலிருந்து புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு அதற்கு அடுத்த மட்டமான பி2. மனைவிக்கு அப்போது ஆங்கிலப் பரீட்சை எதுவும் கேட்கவில்லை.

மனைவி பிறந்தது புதுக்குடியிருப்புப் பக்கம். 2009இல் மாமி குடும்பத்துத் தாள்கள் எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பைக்குள் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தவர். மாத்தளனில் அந்தப் பை போய்விட்டது. பிறகு முகாமுக்கு வந்த நடமாடும் சேவையில் பதிவு செய்து புதுப் பிறப்புச் சான்றிதழ் எடுத்தார்கள். அதை வைத்துத்தான் அவர் படித்தார், அடையாள அட்டை எடுத்தார், ஆசிரியர் நியமனமும் பெற்றார். ஒரு நாளும் எங்கும் இடிக்கவில்லை. கடவுச்சீட்டு எடுக்க வெளிக்கிட்டபோதுதான் பார்த்தோம், தகப்பன் பெயரில் வரவேண்டிய ‘ழ’ அந்தச் சான்றிதழில் ‘ள’ ஆக இருந்தது. விவாகச் சான்றிதழில் ‘ழ’ சரியாக இருந்தது. தமிழில் ஓர் எழுத்துத்தான். ஆங்கிலத்துக்குப் போனால் ஒரு தாளில் ஒருவருடைய மகள், மற்றத் தாளில் வேறு ஒருவருடைய மகள். மொழிபெயர்ப்பாளரை நோகவும் முடியாது, அவர் தாளில் இருப்பதைத்தான் எழுத வேண்டும்.

இங்கிலாந்தில் என்னை வேலைக்கு எடுத்த நிறுவனம் ஸ்பொன்சர்ஷிப் சான்றிதழை, அதாவது இந்த வேலைக்கு இவரை எடுக்கிறோம் என்று விசாவுக்குத் தரும் உறுதியை, தந்தது ஓகஸ்ட் முதல் கிழமையில். அந்தத் திகதியிலிருந்து 3 மாதத்துக்குள் விண்ணப்பம் போயாக வேண்டும். அந்த 3 மாதத்துக்குள் பிரதேச செயலகத்தில் பிறப்புப் பதிவைத் திருத்தி, வவுனியாவில் மனைவிக்குக் கடவுச்சீட்டு எடுத்து, கொழும்பில் காசநோய்ப் பரிசோதனை முடித்து எல்லாம் செய்தோம். இந்த வேலைகளுக்கு ஸ்பொன்சர்ஷிப் வரும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை. நிச்சயதார்த்தம் முடிந்த உடனேயே தொடங்கியிருக்கலாம்.

இன்னொன்று, கல்யாணத் திகதி. எங்கள் ஊர்களில் கோயிலில் தாலி கட்டுவது ஒரு நாள், எழுத்து இன்னொரு நாள். எங்களுக்கு இடையில் ஏழு மாதம். விண்ணப்பத்தில் எழுத்துத் திகதியைத்தான் போட்டோம், ஏனென்றால் விவாகச் சான்றிதழில் இருப்பது அதுதான். ஆனால் நாங்கள் வைத்த கல்யாணப் படங்களில் அச்சடித்திருந்த திகதி அதற்கு முந்தியது. பார்க்கும் அதிகாரிக்கு இந்த வழக்கம் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே அரைப் பக்கத்தில் ஒரு கடிதம் எழுதி, சமயச் சடங்கு இந்தத் திகதி, சட்டப்படி பதிவு இந்தத் திகதி என்று விளக்கி வைத்தோம்.

மொழிபெயர்ப்பில் முத்திரையை மட்டும் பார்க்காதீர்கள். இது மூலத்தின் சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதி, திகதி, மொழிபெயர்ப்பாளரின் முழுப்பெயர், கையெழுத்து, அவரைத் தொடர்புகொள்ளும் விவரம் எல்லாம் இருக்க வேண்டும். எங்களுக்கு முதலில் செய்து தந்தவர் திகதி போடவில்லை. இரவு பஸ் ஏறுவதற்கு இரண்டு மணித்தியாலம் முன்னர் மனைவிதான் அதைக் கண்டுபிடித்தார்.

புதுக்குடியிருப்பு, தாதி

தம்பி எழுதியதை வாசிக்க எங்கள் வீட்டுக் கதை போலவே இருந்தது. எங்கள் வீட்டில் மாறி, நான்தான் பிரதான விண்ணப்பதாரி, இவர் என்னோடு வந்தவர். மருத்துவத் துறையில் வேலைக்கு வருபவர்களுக்கு ஹெல்த் அன்ட் கெயார் விசா என்று தனியாக இருக்கிறது. மற்ற விசாக்களில் அங்குள்ள அரச மருத்துவ சேவைக்காகக் கட்டும் சுகாதாரக் கட்டணம் அதில் இல்லை, கணவருக்கும் இல்லை. பிரித்தானியத் தாதிச் சபைப் பதிவுக்கு எழுதிய ஆங்கிலப் பரீட்சையே விசாவுக்கும் போதுமாக இருந்தது.

என் அனுபவத்தில் பெரிய பாடு காசநோய்ப் பரிசோதனைதான். இலங்கையிலிருந்து 6 மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர்கள் எல்லோரும் செய்ய வேண்டும், துணையும்தான். கொழும்பில் ஐ.ஓ.எம். என்ற சர்வதேச புலம்பெயர்வு அமைப்பின் நிலையத்தில் செய்தோம். இவருக்கு எக்ஸ்ரே எடுத்து உடனே முடிந்தது. நான் அப்போது மூன்று மாதக் கர்ப்பிணி. வயிற்றை மறைத்து எக்ஸ்ரே எடுக்கலாம், அல்லது சளிப் பரிசோதனை செய்யலாம் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார்கள். நான் ஒரு தாதி, மறைத்து எடுத்தால் ஆபத்து மிகக் குறைவு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் முதல் பிள்ளை, ஆறு வருடம் கழித்து வந்த பிள்ளை. மனம் கேட்கவில்லை, சளிப் பரிசோதனையையே எடுத்தேன்.

அதற்கு அடுத்தடுத்து மூன்று நாள் காலையில் சளி கொடுக்க வேண்டும். வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் தங்கினோம். முடிவு வர எட்டுக் கிழமை வரை செல்லலாம், ஏனென்றால் அதைக் கிருமி வளர்த்துப் பார்க்கிறார்கள். எனக்கு ஏழாவது கிழமைதான் வந்தது. ஸ்பொன்சர்ஷிப்பின் 3 மாதத்தில் அதற்கே பாதிக்கு மேல் போய்விட்டது. கர்ப்பமாக இருக்கும் தங்கைகள் இதை முதலிலேயே வேலை தருபவரிடம் சொல்லி, ஸ்பொன்சர்ஷிப் திகதியைக் கொஞ்சம் தள்ளிப் போடக் கேளுங்கள். சான்றிதழ் 6 மாதத்துக்குச் செல்லும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பொலிஸ் சான்றிதழ் இருவருக்கும் எடுத்தோம். இருந்த முகவரிகளை எல்லாம் திகதியோடு எழுத வேண்டி வந்தது. இவர் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினார்: முள்ளியவளை, தேவிபுரம், இரணைப்பாலை, செட்டிகுளம் மனிக் பாம், பிறகு திரும்பவும் முள்ளியவளை. நடுவில் சில இடங்களில் பத்து நாள், சில இடங்களில் ஒரு பதுங்குகுழி மட்டும். அந்தக் கொப்பியை இவர் பாதியில் மூடிவிட்டு வெளியே போய் இருந்தது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. முகாமில் இருந்த காலத்தைக் குடும்ப அட்டை பார்த்து கிராம சேவகர் உறுதிப்படுத்தித் தந்தார். இதைச் செய்யும்போது ஆளைத் தனியாக விடாதீர்கள், பக்கத்தில் இருந்து எழுதுங்கள்.

வவுனியா

நான் காசுப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் முதல் முயற்சி அங்கேதான் பிழைத்தது.

அங்கு போனதும் செலவுக்குக் காசு இருக்கிறது என்று வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும்: பிரதான விண்ணப்பதாரிக்கு 1,270 பவுண், துணைக்கு 285 பவுண். கூட்டினால் 1,555. இந்தக் காசு 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும், அந்த 28ஆவது நாள் விண்ணப்பிக்கும் திகதிக்கு முந்திய 31 நாளுக்குள் வர வேண்டும். கணக்கு உங்கள் பெயரில் அல்லது துணையின் பெயரில் இருக்க வேண்டும். அப்பாவின் கணக்கில் இருக்கும் காசைக் காட்ட முடியாது.

எங்களுக்கு சுவிஸிலிருந்து அண்ணன் அனுப்பிய காசு. மட்டுமட்டாகப் போட்டு வைத்தோம். 19ஆவது நாள் வங்கி ஏதோ வருடக் கட்டணம் என்று ஒரு சிறு தொகையைக் கழித்தது. மீதி அளவுக்குக் கீழே போனது, திரும்ப முதலாம் நாளிலிருந்து எண்ண வேண்டி வந்தது. ரூபாயின் பெறுமதியும் அசையும், அவர்கள் ஓன்டா என்ற தளத்தின் மாற்று வீதத்தைத்தான் பார்க்கிறார்கள். தேவையானதற்கு மேல் ஐம்பதாயிரம், ஒரு லட்சம் ரூபாய் கூடப் போட்டு வைத்து, அந்தக் கணக்கின் கார்ட்டைத் தொடாமல் இருங்கள். பெரிய தொகை வந்த நாளுக்கு அண்ணனிடம் ஒரு கடிதமும் வாங்கி வைத்தோம்.

வேலை தருபவர் ஸ்பொன்சர்ஷிப் சான்றிதழிலேயே முதல் மாதச் செலவைத் தான் பொறுப்பேற்பதாக உறுதி தந்தால் இந்தக் காசு காட்டவே தேவையில்லை. துணையையும் சேர்த்து உறுதி தருகிறாரா என்று கேளுங்கள். அப்புறம் சுகாதாரக் கட்டணம், ஆளுக்கு வருடம் 1,035 பவுண். மூன்று வருட விசா என்றால் இருவருக்கும் 6,210 பவுண், விண்ணப்பிக்கும்போதே முழுதும் கட்ட வேண்டும். எங்கள் நகைகள் அடகுக்குப் போனது அதற்குத்தான்.

மாங்குளம்

என் மகனும் மருமகளும் ஒரு முகவரிடம் ஏமாந்தார்கள். வயோதிபர் பராமரிப்பு வேலை, இருவரும் ஒன்றாகப் போகலாம் என்று சொல்லி, ஸ்பொன்சர்ஷிப்புக்கு விலை பேசிக் காசு வாங்கினார். வயல் ஈட்டில் போனது. பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்கள் துணையைக் கூட்டிப் போவதை 2024 மார்ச் 11ஆம் திகதியே நிறுத்திவிட்டார்கள். 2025 ஜூலை 22க்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து அந்த வேலைக்கு ஆள் எடுப்பதே நின்றுவிட்டது. எங்களிடம் காசு வாங்கியது அதற்கும் பிறகு.

பிள்ளைகளே, யார் என்ன தாள் காட்டினாலும் மூன்று விஷயத்தைப் பாருங்கள். ஸ்பொன்சர்ஷிப்பை விலைக்கு விற்க முடியாது. அது இலக்கம்தான், அலங்காரமான பத்திரம் அல்ல. அந்த நிறுவனம் பிரித்தானிய அரசு இணையத்தில் வெளியிடும் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலில் இருக்க வேண்டும். இங்குள்ள முகவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி இருக்கிறதா என்று பணியகத்திலேயே கேட்கலாம். நாங்கள் ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் முகவர் கோபிப்பார் என்று பயந்தோம்.

மல்லாவி

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் கணவர் 2009க்குப் பிறகு புனர்வாழ்வு பெற்று வெளியே வந்தவர். நான் கணினித் துறையில் இருக்கிறேன், எனக்கு வேலை சரிவந்திருக்கிறது. விண்ணப்பத்தில் தடை செய்யப்பட்ட அமைப்புகள், ஆயுத மோதல் பற்றிய கேள்விகள் வருகின்றன. ‘இல்லை’ என்று போட்டுவிட்டுப் போங்கள், யார் பார்க்கப் போகிறார்கள் என்று சிலர் சொன்னார்கள். பொய் சொன்னது பிடிபட்டால் 10 வருடம் வரை தடை வரலாம். அதைவிட, பதினாறு வயதில் நடந்ததை மறைத்துக்கொண்டு வாழ அவருக்கு விருப்பமில்லை.

பிரித்தானியாவில் அனுமதி பெற்ற குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் காசு கொடுத்து ஆலோசனை எடுத்தோம். உள்ளதை உள்ளபடி எழுதி, புனர்வாழ்வுச் சான்றிதழை மொழிபெயர்த்து, எந்த வயதில் எப்படிச் சேர்க்கப்பட்டார் என்று அவருடைய சொல்லிலேயே ஒரு வாக்குமூலம் வைக்கச் சொன்னார். கிடைக்குமா என்று அவர் உறுதி தரவில்லை. மற்ற எல்லாம் ஆயத்தம். இன்னும் அனுப்பவில்லை.

கிளிநொச்சி, குடிசார் பொறியியலாளர்

அக்கா, எழுதியதற்கு நன்றி. ஒன்று மட்டும் பாருங்கள். அந்தச் சான்றிதழ்களில் பெயரை முதலில் சிங்களத்தில் காதால் கேட்டு எழுதிவிட்டு, பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றியதை நான் இரண்டு மூன்று பேரிடம் பார்த்திருக்கிறேன். கடவுச்சீட்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் இரண்டும் ஒரே ஆள் என்று சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். மனைவியின் மற்றத் தாள்களுக்கு நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

மல்லாவி

பார்த்தோம் தம்பி. தகப்பன் பெயரில் இரண்டு எழுத்து மாறியிருக்கிறது, பிறந்த திகதி சரி. திங்கட்கிழமை சமாதான நீதவானிடம் போகிறோம்.