பொருள்: மாற்றிப் பொருத்திய இதயம் தனக்கென்று பெறும் இரத்தவோட்டம், சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினர்க்கு,

விலங்குகளில் இதயத்தை மாற்றிப் பொருத்திய பின் இரத்தவோட்டம் எவ்வாறு அமைகிறது என்னும் பாடத்தைக் கால்நடை மருத்துவ மாணவர்களுக்காகத் தமிழாக்கி வருகிறேன். திங்கட்கிழமை படிகள் திருவல்லிக்கேணி அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ‘இதய இரத்தவோட்டம்’ என்று எழுதிய இடத்தில் இடறி நிற்கிறேன். அறைகள் வழியே உடலுக்குப் போகும் இரத்தமும், இதயத்தசை தான் பிழைக்கத் தன் தமனிகளில் பெறும் இரத்தமும் அத்தொடருக்குள் ஒன்றாக அடங்கிவிடுகின்றன. மற்ற பாடங்களில் இடம் நோக்கிப் பொருள் கொள்ளலாம், இங்கே முடியாது.

1933இல் அமெரிக்க ஆய்வாளர் ஃபிராங்க் மான் குழுவினர் ஒரு நாயின் இதயத்தை இன்னொரு நாயின் கழுத்தில் பொருத்தியபோது, கொடை இதயத்தின் பெருந்தமனியைக் கழுத்துத் தமனியோடும், நுரையீரல் தமனியைக் கழுத்துச் சிரையோடும் இணைத்தனர். இரத்தம் பெருந்தமனிக்குள் எதிர்த்திசையில் இறங்குகிறது. அந்த அழுத்தத்தில் பெருந்தமனி வால்வு மூடிக்கொள்ள, வேறு வழியின்றி, இதயத்தசைக்கே இரத்தம் தரும் கரோனரி தமனிகளுக்குள் புகுந்து, தசையெங்கும் பரவி, வலது ஆரிக்கிளுக்கு வந்து, வலது வென்ட்ரிக்கிள் தள்ள, நுரையீரல் தமனி வழியாகக் கழுத்துச் சிரையில் சேர்கிறது. இடது வென்ட்ரிக்கிளும் துடிக்கத்தான் செய்கிறது. ஆனால் கசிந்து வரும் சிறிதளவைத் தவிரத் தள்ளுவதற்கு அதனிடம் இரத்தமில்லை. ‘இதய இரத்தவோட்டம் தொடர்ந்தது’ என்றெழுதினால் மாணவர் எதைக் கொள்வார்?

—

ஐயா,

முதலில் ‘இரத்தம்’ போகட்டும். குறுந்தொகை முதற்பாட்டில் காந்தளே ‘குருதிப் பூ’. ‘குருவும் கெழுவும் நிறனாகும்மே’ என்னும் தொல்காப்பிய நூற்பாவைக் கொண்டு நோக்கினால், குருதி என்பது நிறமுடையது என்னும் பொருளில் பிறந்த சொல் என்பது என் துணிபு. வடமொழி ‘ரக்தம்’ என்பதும் நிறமேறியது, சிவந்தது என்றே பொருள்படும். இரு மொழியாரும் கண்டது ஒன்றே எனில், நாம் கடன் வாங்குவானேன்?

கேட்ட சொல்லுக்கு வருகிறேன்: ‘ஊட்டோட்டம்’. ஊட்டிய, ஊட்டுகின்ற, ஊட்டும் ஓட்டம் என முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை. குற்றியலுகரம் கெட்டு இயல்பாகப் புணர்ந்தது. ‘இதய ஊட்டோட்டம்’ என்க.

—

புலவர் ஐயாவுக்கு வணக்கம். குருதிக்கொடை முகாம் என்று சென்னைச் சுவரெல்லாம் எழுதியிருப்பதால் குருதியோடு எனக்குப் பகையில்லை. ஆனால் ‘இதய ஊட்டோட்டம்’ என்னும் தொகை இதயத்துக்கு ஊட்டும் ஓட்டம் எனவும் விரியும், இதயம் உடலுக்கு ஊட்டும் ஓட்டம் எனவும் விரியும். எந்த மயக்கத்தை நீக்கப் புறப்பட்டோமோ அதிலேயே வந்து நிற்கிறோம்.

மேலும், பொருத்திய இதயத்துக்கு நரம்புத் தொடர்பு அறுந்திருக்கும். அப்படியிருந்தும் தசையின் ஆக்சிஜன் தேவை கூடினால் அதன் சிறுதமனிகள் தாமே விரிந்து ஓட்டத்தைக் கூட்டுகின்றன. அது கேட்டுப் பெறுவது. ‘ஊட்டு’ என்பதிலோ வாயைத் திறந்து காத்திருக்கும் பிள்ளைதான் தெரிகிறது. என்னிடம் வரும் நோயாளிகளே ‘கரோனரி’ என்கிறார்கள். ‘கரோனரி ஓட்டம்’ என்று எழுதிவிட்டு உறங்கப் போகலாம்.

—

யாழ்ப்பாணத்தில் படித்து இப்போது வளசரவாக்கத்தில் இருப்பவள் என்ற முறையில் ஒன்று. எங்கள் பாடநூல்களில் அது ‘முடியுரு நாடி’. முடிபோல் இதயத்தைச் சூழ்வதால் வந்த பெயர். ஆனால் அங்கே தமனி நாடி, சிரை நாளம். இங்கே எந்தக் குழாயும் நாளம். சென்ற வாரம் ஒருவர் முன்வைத்த ‘நாளவோட்டம்’ ஏற்கப்பட்டால், பாக்கு நீரிணையின் இருபுறமும் இரத்தம் எதிரெதிராக ஓடும். மயக்கத்தை நீக்க ‘இதயத்தசை ஊட்டோட்டம்’ என்று தசையைச் சேர்த்தால் போதாதா? தசை எதற்கும் ஊட்டாது.

—

அம்மையார் திருத்தத்தை ஏற்கிறேன். ஆயின் ‘கொடை இதயம்’ என்பதை ஏற்கேன். நாய் கொடுத்ததா, நாம் எடுத்தோமா? ‘பெயர்த்த இதயம்’ என்பதே நேர்மை.

—

அனைவர்க்கும் நன்றி. 1960இல் அறுவை மருத்துவர்கள் லோயரும் ஷம்வேயும் நாயின் இதயத்தை உரிய இடத்திலேயே மாற்றிப் பொருத்தியது அடுத்த பகுதியில் வருகிறது. அங்கே இதயம் உடலுக்கும் தள்ளியது, தானும் பெற்றது. ஆகவே இரண்டையும் பிரித்துச் சொல்லும் பெயர் இல்லாமல் நகர முடியாது. பெரும்பாலோர் இசைவுப்படி ‘இதயத்தசை ஊட்டோட்டம்’ என்றே இட்டு, முதல் இடத்தில் மட்டும் ‘கரோனரி ஓட்டம்’ என்று அருகில் குறிக்கிறேன். தேர்வுத்தாளில் இருப்பதால் ‘இரத்தம்’ நீடிக்கிறது. ‘பெயர்த்த’ என்பது பெயர்ச்சொல்லோடு குழம்புவதால் இப்பதிப்பில் ‘கொடை’ இருக்கட்டும்.

—

இருக்கட்டும் என்பது இசைவாகாது. என் மறுப்பைப் பதிவு செய்க.

—

அச்சானதும் எனக்கு ஒரு படி அனுப்புங்கள். என் வகுப்பில் ‘கரோனரி’ என்றே சொல்வேன்.