ஸ்ட்ரட்ஸ் 6: நீளமான நிபந்தனை எழுதினால் கட்டணப் பகுதி மறைந்துவிடுகிறது

கேள்வி (திருகோணமலை):
வணக்கம். நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகு விடுகிறவர்களுக்காக ஒரு முன்பதிவுத் தளம் நடத்துகிறேன். ஸ்ட்ரட்ஸ் என்ற ஜாவா வலைச் சட்டகத்தின் 2.5ஆம் பதிப்பிலிருந்து 6க்கு மாறிய நாள் முதல் கட்டணப் பகுதி திரையில் வருவதில்லை. பக்கம் உடையவில்லை, ஒரேயொரு இஃப் டேக்குக்குள் (நிபந்தனை உண்மையானால் மட்டும் உள்ளே இருப்பதைக் காட்டும் குறி) இருப்பது மட்டும் காணாமல் போகிறது. உள்நாட்டவரா, வயது 12க்குக் குறைவா, குழுவில் எத்தனை பேர், வாடைக்கால மாதமா என்று எல்லாவற்றையும் ஒரே வரியில் கோத்திருக்கிறேன். எண்ணினால் 312 எழுத்து. வெள்ளிக்கிழமை படகுக்காரர்களிடம் காட்டவேண்டும்.

பதில் 1:
சேர்வர் லாக்கைப் பாருங்கள். பாதுகாப்புக் கட்டுப்பாட்டினால் இந்த ஓஜிஎன்எல் (பக்கங்களில் நிபந்தனை எழுத ஸ்ட்ரட்ஸ் பயன்படுத்தும் மொழி) கோவையைக் கணிக்க முடியவில்லை என்று பிழை இருக்கும். 6இல் ஒரு கோவையின் இயல்பான உச்ச நீளம் 256 எழுத்து. அதைத் தாண்டினால் விடை வெறுமையாகிறது, இஃப் அதைப் பொய் என்று எடுத்துக்கொள்கிறது.

கேட்டவர்:
அதே பிழைதான், நன்றி. இடைவெளிகளை நீக்கினேன், அவையும் எண்ணிக்கையில் சேர்கின்றன. அப்படியும் 281. ஸ்ட்ரட்ஸ் எக்ஸ்எம்எல் என்ற அமைப்புக் கோப்பில் அந்த எல்லையை 1000 ஆக்கிவிடலாமா?

பதில் 2:
தம்பி, ஆக்கலாம், ஆனால் செய்யாதீர்கள். அந்த எல்லை உங்கள் ஒரு பக்கத்துக்கானது அல்ல, முழுச் செயலிக்கும் உரியது. 2017 மார்ச்சில் தாக்குபவர்கள் வலைக் கோரிக்கையின் கன்டென்ட்-டைப் தலைப்புக்குள் ஓஜிஎன்எல்லைத் திணித்து எத்தனையோ சேர்வர்களைப் பிடித்தார்கள். அந்தத் தாக்குதல் வரிகள் மிக நீளமானவை. நீள எல்லை மட்டும் காப்பாற்றாது என்றாலும், இருக்கிற பூட்டை நாமே கழற்றக்கூடாது.

நிபந்தனை முழுவதையும் ஆக்‌ஷன் வகுப்புக்குள் (கோரிக்கையைக் கையாளும் ஜாவா நிரல்) கொண்டுபோங்கள். உண்மை அல்லது பொய் தரும் ஒரு பப்ளிக் கெட்டர், அதாவது மதிப்பைத் திருப்பித் தரும் செயற்கூறு, போதும். ஜேஎஸ்பி பக்கத்தில் அதன் பெயர் மட்டும் நிற்கும். படகுக் கட்டண விதி ஜாவாவில் இருந்தால் ஜேயுனிட் என்ற சோதனைக் கருவியில் சோதிக்கலாம், டேக்குக்குள் கிடந்தால் யார் சோதிப்பது? இன்றே வேண்டுமென்றால் மதிப்புக்குப் பெயரிட்டு வைக்கும் செட் டேக்கில் இரண்டு மூன்று துண்டாகப் பிரித்து வையுங்கள். ஒவ்வொரு துண்டும் தனியாகத்தான் அளக்கப்படும். ஆனால் அது தற்காலிகம்தான்.

கேட்டவர்:
அண்ணா, கெட்டராகவே எழுதிவிட்டேன், கட்டணம் வருகிறது. சோதனை எழுதும்போது இன்னொன்றும் அகப்பட்டது. வாடைக்காலத்துக்கு, மாதம் 11க்குக் குறையாமலும் 2க்கு மேற்படாமலும் இருக்கவேண்டும் என்று 'அன்ட்' போட்டிருந்தேன். எந்த மாதமும் அதில் அடங்காது! கடல் கொந்தளிக்கும் டிசம்பரிலும் தளம் முன்பதிவை ஏற்றிருக்கும். 'ஓர்' என்று மாற்றிவிட்டேன். 11, 12, 1, 2 நான்கும் இப்போது சோதனையில் தேறுகின்றன.