டபுள் ஃபால்ட் வேஷத்தில் வந்த டைமர்

சொந்தமாகக் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, எழுதிப் பார்ப்பவர்கள் பலரும் முதல் எழுத்து திரையில் தெரிந்த நாளைப் பற்றி எழுதிவிட்டார்கள். எனக்கு அந்தக் கட்டம் சீக்கிரமே முடிந்தது. கணினி தொடங்கும்போது ஓடும் கிரப் என்ற பூட்லோடர், கெர்னலை நினைவகத்தின் 1 எம்பி எல்லையில், அதாவது ஹெக்ஸ் (பதினாறு அடிமான எண்) 100000-இல், ஏற்றித் தந்துவிடும். அங்கிருந்து 80-க்கு 25 எழுத்துத் திரையில் எழுதுவது ஒரு மாலை வேலை. நான் மாட்டிக்கொண்டது இன்டரப்ட்டில், அதாவது கீபோர்டு போன்ற சாதனங்கள் பிராசசரை இடைமறித்துக் கூப்பிடும் முறையில்.

எந்த எண் இன்டரப்ட்டுக்கு எந்தக் கோடு ஓடவேண்டும் என்று சொல்லும் ஐ.டி.டி அட்டவணையை நிரப்பி, எஸ்.டி.ஐ கட்டளை போட்டு இன்டரப்ட்டைத் திறந்தேன். கடைசியில், அடுத்த இன்டரப்ட் வரும்வரை பிராசசரைத் தூங்கவைக்கும் ஒரு ஹால்ட் லூப், அவ்வளவுதான். ஓட்டிய மறுகணமே ‘எண் 8: டபுள் ஃபால்ட்’ என்று என் கெர்னலே அச்சடித்து நின்றது. ஒரு பிழையைக் கையாளப் போகும்போதே இன்னொரு பிழை நேர்ந்தது என்று பொருள். நினைவகப் பகுதிகளை விவரிக்கும் ஜி.டி.டி-யைச் சந்தேகப்பட்டேன், பிராசசர் தற்காலிகக் குறிப்புகளை வைக்கும் ஸ்டாக்கை இடம் மாற்றினேன், ஐ.டி.டி அட்டவணையைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தேன். நான்கு இரவுகள் போயின.

விடை அதே திரையில்தான் இருந்தது. டபுள் ஃபால்ட் வந்தால் பிராசசர் ஸ்டாக்கில் ஒரு எரர் கோடு வைக்கும். அது எப்போதும் 0. எனக்கு வந்ததோ 100-இல் தொடங்கும் ஆறு இலக்க ஹெக்ஸ் எண். அதைப் பல தடவை பார்த்தும் கவனிக்கவில்லை. பைனரியைப் பிரித்துத் தேடியபோது, அது என் ஹால்ட் கட்டளைக்கு அடுத்த வரியின் முகவரி! எரர் கோடே வரவில்லை. இன்டரப்ட் முடிந்ததும் திரும்பிப் போக பிராசசர் ஸ்டாக்கில் வைத்த முகவரியை எரர் கோடு என்று படித்துக்கொண்டிருந்தேன். அப்படியென்றால் ஃபால்ட்டே நடக்கவில்லை. ஹால்ட்டில் தூங்கிய பிராசசரை வெளியிலிருந்து யாரோ எழுப்பியிருக்கிறார்கள். டைமர்.

காரணம் மிகப் பழையது. முதல் 32 இன்டரப்ட் எண்களையும் தனக்கென ஒதுக்கியிருந்தது, பிராசசரைச் செய்த இன்டெல். ஆனால் 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் வன்பொருள் இன்டரப்ட்டுகளுக்கு 8 முதல் 15 வரை கொடுத்துவிட்டார்கள்; டைமருக்கு 8. அதன் பிராசசரான 8088-இல் டபுள் ஃபால்ட் என்பதே கிடையாது என்பதால் அப்போது இடிக்கவில்லை. 1982-இல் இன்டெலின் 80286 பிராசசர் டபுள் ஃபால்ட்டுக்கு அதே 8-ஐ எடுத்துக்கொண்டது. இன்றும் பயாஸ் என்ற பழைய தொடக்க மென்பொருள் வழியாக பூட் ஆனால், வன்பொருள் இன்டரப்ட்டுகளைப் பிராசசருக்கு அனுப்பும் 8259 சிப்பை நாம்தான் 32-இலிருந்து எண்ணும்படி நகர்த்தவேண்டும். இதைப் படித்தபோது கோபம் வரவில்லை, ஒருவித மரியாதைதான் வந்தது. நான் பிறக்கும் முன்பே எடுத்த முடிவு என் கெர்னலில் வந்து தட்டுகிறது.

நகர்த்தியதும் டைமர் எண்ணிக்கை 1 என்று காட்டிவிட்டு அப்படியே நின்றது. ஒவ்வொரு இன்டரப்ட்டையும் கவனித்து முடிந்தது என்று சிப்புக்குச் சொல்லவேண்டும்: சாதனத்தோடு பேசும் வாசலான போர்ட் ஹெக்ஸ் 20-க்கு ஹெக்ஸ் 20 அனுப்பும் ஒரே வரி. டைமருக்குத்தான் முதலிடம் என்பதால், அது முடியாதவரை கீபோர்டுக்கும் வழி கிடையாது. அந்த வரியைச் சேர்த்தேன். எண்ணிக்கை ஓட ஆரம்பித்தது, நொடிக்குப் பதினெட்டு சொச்சம்.

விசையை அழுத்தினால் ஒரு எண்ணும், விட்டால் அதோடு 128 கூட்டிய எண்ணும் தரும் போர்ட் ஹெக்ஸ் 60-ஐ என் கீபோர்டு ஹேண்ட்லரில் படிக்க வைத்து, ஏ விசையை அழுத்தினேன். 30. விரலை எடுத்தேன். 158.