தீயில் வீடிழந்தோருக்கு முன்னொப்புதல் பெற்ற வரைபடங்கள்: நம் பகுதிக்குப் பொருந்துமா?

கேள்வி (காட்பாடி):
2025 ஜனவரியில் காட்டுத்தீ அழித்த கலிபோர்னியாவின் ஆல்டடீனாவில், மக்கள் விரைந்து வீடு கட்டிக்கொள்ள, கட்டடக் கலைஞர்கள் அரசிடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற வீட்டு வரைபடங்களை வகுத்துத் தருகிறார்கள். பேரணாம்பட்டு மலையடிவாரத்தில் கூரை வீடுகள் எரிந்தால், அத்தகைய வரைபடம் நமக்கும் உதவுமா?

பதில் (குடியாத்தம், கட்டடப் பொறியாளர்):
நிச்சயம் உதவும், ஐயா. தமிழக அரசின் ‘கலைஞரின் கனவு இல்லம்’ வீட்டுத் திட்டத்தின் 360 சதுர அடி அளவையே தொடக்கமாகக் கொள்ளலாம். ஆனால் நம் ஊர் மனைகள் பல குறுகி நீண்டவை என்பதால், ஒரே வரைபடம் போதாது, மனையின் அகலத்துக்கேற்பவும் வாசல் திசைக்கேற்பவும் சில வகைகள் வேண்டும். காட்டுத்தீயில் வீடுகள் பெரும்பாலும் நேரடிச் சுடரால் அன்றி, காற்றில் பறந்து வரும் கங்குகளால்தான் பற்றுகின்றன. ஆகவே காற்றுத் துளைகளுக்கு 3 மில்லிமீட்டருக்கு மிகாத கண்ணுடைய கம்பிவலையும், சுவரைச் சுற்றி 5 அடிக்கு விறகோ வைக்கோற்போரோ இல்லாத வெற்றிடமும் வரைபடத்திலேயே குறிக்கப்பட வேண்டும்.

பதில் (பேரணாம்பட்டு):
விறகடுப்புக்குத் தனி இடம் தராத வரைபடத்தை எங்கள் பெண்கள் ஏற்கமாட்டார்கள். வேலூர்க் கோடையில் வெறும் கான்கிரீட் கூரையின் கீழ் உறங்கவும் இயலாது. அதன்மேல் சுட்ட ஓடு பதிப்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். பட்டா இல்லாத குடும்பங்களுக்கு முதலில் பட்டா கிடைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வரைபடம்.